பள்ளிக்கூடத்துச் சேதி ஊருக்கு வரட்டும்: பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

பள்ளியில் மரக்கன்று நடும் நாளில் என்ன நடக்கிறது என்று பார்த்திருப்பீர்கள். ஒரு கன்றைச் சுற்றிப் பன்னிரண்டு கை. செல்போனில் நாலு படம். படம் உடனே வட்டார வாட்ஸ்ஆப் குழுவுக்குப் போகும், அங்கிருந்து மாவட்டக் குழுவுக்கு ஏறும், பதிலுக்கு இரண்டு கைகூப்பும் ஒரு பூங்கொத்தும் வரும். கன்றைப் பிடித்திருந்த பிள்ளையின் வீட்டுக்கு அந்தப் படம் வராது. ஏப்ரலில் அந்தக் கன்று உயிரோடு இருந்ததா, ஆடு கடித்ததா, தண்ணீர் ஊற்றியது யார் என்கிற சேதி எந்தக் குழுவுக்கும் போகாது.

பள்ளிச் சேதி மேலே போகிறது, ஊருக்குள் வருவதில்லை. பிள்ளைகள் அதில் படமாக இருக்கிறார்களே தவிர, எழுதுகிறவர்களாகவும் இல்லை, படிக்கிறவர்களாகவும் இல்லை. நாங்கள் உங்களிடம் கேட்பது மூன்று: பதினைந்து நாளைக்கு ஒரு சுவரிதழ் (பிள்ளைகள் எழுதிச் சுவரில் மாட்டும் இதழ்), மாதத்துக்கு ஒரு மடிப்பிதழ் (ஒரே தாளை மடித்துச் செய்யும் சின்னப் புத்தகம்), உங்கள் மாதக் கூட்டத்தில் பத்து நிமிடம்.

தலைமையாசிரியருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 21-ஆம் பிரிவில் பள்ளியின் செயல்பாட்டைக் கண்காணிக்கும் வேலையை உங்கள் குழுவிடம்தான் கொடுத்திருக்கிறது. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவர் ஒரு தாய். 2024-ல் குழுக்களை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் உள்ளே வந்தார்கள். ஆசிரியர் நிலைமை வேறு. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது அதே சட்டத்தின் கணக்கு. ஒருவர் பயிற்சிக்குப் போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் பார்த்துக்கொண்டு எமிஸ் என்னும் அரசுத் தகவல் தளத்தில் பதிவும் ஏற்ற வேண்டும். அவரிடம் போய் இன்னொரு வேலையைச் சொன்னால் முதல் இதழ் ஜோராக வரும். இரண்டாவது இதழ் வராது. தாள் வாங்குவது, துண்டு வெட்டுவது, மாட்டுவது, ஊருக்குள் கொண்டுபோவது எல்லாம் குழு செய்யட்டும். பிள்ளைகளை எழுத வைப்பது மட்டும் ஆசிரியர் வேலை. அதுவும் தமிழ்ப் பாடவேளைக்குள் அடங்கிவிடும். கட்டுரை எழுதச் சொல்லும் நேரத்தில் செய்தி எழுதச் சொல்கிறோம், அவ்வளவுதான்.

சுவரிதழில் தொடங்குவோம். கடையில் கிடைக்கும் வழக்கமான சார்ட் தாள் ஏறத்தாழ 71 செ.மீ. நீளம், 56 செ.மீ. அகலம். அதைப் படுக்கைவாட்டில் வையுங்கள். ஏ4 தாளைக் குறுக்கே பாதியாக வெட்டினால் 14.8-க்கு 21 செ.மீ. துண்டு கிடைக்கும். வரிசைக்கு நாலாக இரண்டு வரிசை, மொத்தம் எட்டுத் துண்டு. தலைப்புக்கு 8 செ.மீ. விட்டு, தலைப்புக்குக் கீழே 2, இரண்டு வரிசைக்கும் நடுவே 2, அடியில் 2 என்று விட்டால் உயரம் சரியாக 56-ல் முடிந்துவிடும். பக்கவாட்டில் ஒவ்வோர் இடைவெளிக்கும் 2 செ.மீ.க்குக் கொஞ்சம் அதிகமாகவே கிடைக்கும்.

நேராகச் சார்ட்டிலேயே எழுத விடாதீர்கள். ஒரு பிள்ளை தப்புச் செய்தால் முழுத் தாளும் போச்சு. அந்தப் பயத்தில் ஆசிரியரே பேனாவை வாங்கிக்கொள்வார், இல்லாவிட்டால் கையெழுத்து மணிமணியாக இருக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றே வருடம் முழுக்க எழுதிக்கொண்டிருக்கும். துண்டாக இருந்தால் எட்டுப் பிள்ளைகள் ஒரே நேரத்தில் தரையில் உட்கார்ந்து எழுதலாம். கெட்டால் கெடுவது அரைத் தாள்.

துண்டில் தலைப்புக்கு மேலே 3 செ.மீ. ஒதுக்கி, மீதியில் ஒன்றரை செ.மீ. இடைவெளியில் பென்சிலால் கோடு போடுங்கள். பன்னிரண்டு வரி வரும். பிள்ளைகள் எழுதும் அளவில் வரிக்கு இரண்டு மூன்று சொல். ஆக ஒரு செய்திக்கு 25 முதல் 30 சொல்லுக்கு மேல் இடமில்லை. ‘இவ்வளவுதானா?’ என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது நிறையவே. நெருக்கி எழுத விட்டால் இரண்டு அடி தள்ளி நின்று படிக்க முடியாது. படிக்க முடியாத சுவரிதழைச் சுவர்கூடப் பார்க்காது.

வெள்ளைத் தாள், கறுப்பு பால்பாயிண்ட் பேனா. ஸ்கெட்ச் பேனா படத்துக்கு மட்டும். ஸ்கெட்ச் மை ஈரம் பட்டால் ஓடும், வெயில் பட்டால் சிவப்பும் ரோஸும் முதலில் வெளுக்கும், மஞ்சளில் எழுதினால் எழுதியவருக்கே தெரியாது. பிள்ளைகளுக்கு ஜிகினா பேனா ஆசை இருக்கும். தலைப்பின் ஓரத்தில் பூப்போட விட்டுவிடுங்கள். ஒட்டுவதற்கு மைதாப் பசை வேண்டாம், கரப்பானும் வெள்ளிப் பூச்சியும் தேடி வரும். பிசின் நிறையத் தடவினால் தாள் அலை அலையாகச் சுருங்கும். நாலு மூலையிலும் 2 செ.மீ. இருபக்க டேப் போதும்.

மாட்டும் உயரத்தில்தான் பெரும்பாலான பள்ளிகள் தவறுகின்றன. பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் ஆணி அடித்துவிடுகிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் தரையிலிருந்து ஒரு மீட்டருக்குச் சற்று மேலேதான் இருக்கிறது. சார்ட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 80 செ.மீ. இருக்கட்டும், மேல் விளிம்பு 136-ல் நிற்கும். பெரியவர்கள் குனிந்து படிக்கட்டும். வராந்தாச் சுவரில், கைகழுவும் குழாய்க்குப் போகும் வழியில் மாட்டினால் காலை உணவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் வரிசையில் நிற்கும் நேரமெல்லாம் படிக்கும் நேரமாகிவிடும். குண்டூசியில் மாட்டினால் காற்றில் மூலை கிழியும். மேலும் கீழும் சார்ட்டைவிடச் சற்று நீளமான ரீப்பர் கட்டை ஒவ்வொன்று வைத்து, நடுவில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் அடுத்த இதழை மாற்ற இரண்டு நிமிடம். மேற்குப் பார்த்த சுவர் என்றால் மாலை வெயில் மையைத் தின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் வராந்தா வரை வரும். அந்த இரண்டு மாதம் வகுப்பறைக்குள் மாற்றுங்கள். தலைமையாசிரியர் அறைக்குள் மட்டும் மாட்டாதீர்கள். அங்கே அதைப் படிப்பவர் ஆய்வுக்கு வரும் அலுவலர் ஒருவர்தான்.

ஜூன் முதல் ஏப்ரல் வரை, தேர்வுகளும் விடுமுறைகளும் போகப் பதினாறு இதழ் தாராளமாகக் கொண்டுவரலாம். பதினாறு சார்ட், 64 ஏ4 தாள். இதழுக்கு எட்டுத் துண்டு என்றால் 128 செய்தி. மூன்று, நாலு, ஐந்தாம் வகுப்பில் 24 பிள்ளைகள் இருந்தால் ஆளுக்கு ஐந்து முறை எழுத வாய்ப்பு வரும். பெயர்ப் பட்டியலைக் கதவுக்குப் பின்னால் ஒட்டி, எழுதியவருக்கு ஒரு புள்ளி வையுங்கள். புள்ளி வைக்காவிட்டால் கை தூக்குகிற ஆறு பேரே திரும்பத் திரும்ப எழுதுவார்கள்.

இன்னும் கூட்டி எழுத வராத பிள்ளைகளை விட்டுவிட வேண்டாம். அரசின் எண்ணும் எழுத்தும் திட்ட வகுப்பில் அரும்பு என்னும் தொடக்க நிலையில் இருக்கும் பிள்ளை சேதி சொல்வதில் மலர் என்னும் மேல் நிலைப் பிள்ளைக்குக் குறைந்ததல்ல. அது சொல்லட்டும், பெரிய பிள்ளை எழுதட்டும். துண்டின் அடியில் ‘சொன்னது’ என்று ஒரு பெயர், ‘எழுதியது’ என்று ஒரு பெயர். செங்கல் சூளைக்கோ மில்லுக்கோ வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தால் படம் வரைந்து தங்கள் எழுத்தில் ஒரு வரி எழுதட்டும். கீழே தமிழில் நண்பர் எழுதலாம்.

சரி, எதை எழுதுவது? ‘செய்தி எழுதிக் கொண்டுவா’ என்று சொன்னால் பிள்ளை தொலைக்காட்சியைப் பார்த்து எழுதி வரும். அதனால் இடத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். சமையல் கூடத்துக்கு ஒருவர், தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் ஒருவர், மரம் செடிக்கு ஒருவர், நூலகப் பெட்டிக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர், ஊருக்கு இரண்டு பேர், எட்டாவது துண்டு படத்துக்கு. முதல் திங்கட்கிழமை இருபது நிமிடம் கூடி யார் எதைப் பார்ப்பது என்று முடிவு. அந்த வாரம் முழுக்கக் கவனிக்கட்டும், நோட்டில் குறிக்கட்டும். அடுத்த புதன்கிழமை பென்சிலில் வரைவு. வியாழக்கிழமை துண்டில் நல்லபடியாக. வெள்ளிக்கிழமை ஒட்டு. பதினைந்து நாளில் ஆசிரியருக்கு ஆகும் நேரம் மூன்று பாடவேளைக்குள்.

நோட்டில் முதலில் ஆறு கேள்வி எழுதிவிடுங்கள்: யார், என்ன, எங்கே, எப்போது, எத்தனை, எப்படி. ‘ஏன்’ என்பதை ஐந்தாம் வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளையிடம் ஏன் என்று கேட்டால் அது உபதேசம் எழுத ஆரம்பித்துவிடும். ‘எத்தனை’தான் முக்கியம். எண்ணிக்கை வரும் செய்தியை இன்னொரு பிள்ளை போய் மறுபடி எண்ணிவிட்டு வர வேண்டும். இரண்டு எண்ணும் ஒத்தால்தான் துண்டுக்குப் போகும்.

எங்களுக்குத் தலைவலி கொடுப்பது கட்டுரை நோட்டுத் தமிழ். எந்தப் பள்ளியில் எழுதச் சொன்னாலும் முதல் இதழில் இப்படித்தான் வரும்:

“எங்கள் பள்ளியில் சுதந்திர தின விழா மிகவும் சிறப்பாகக் கொண்டாடப்பட்டது. அனைவருக்கும் இனிப்பு வழங்கப்பட்டது. நாங்கள் மிகவும் மகிழ்ச்சி அடைந்தோம்.”

இதில் எந்தப் பள்ளி, எந்த வருடம், என்ன இனிப்பு என்று ஒன்றும் தெரியாது. 1985-ல் எழுதினாலும் இதுதான். பிள்ளையிடம் பேனாவைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, ‘உன் பாட்டியிடம் போய்ச் சொல்வது போல எனக்குச் சொல்’ என்று கேட்டால் வேறு சேதி வரும். அது இந்த மாதிரி இருக்கும்:

“கொடி ஏற்றும்போது கயிறு சிக்கிக்கொண்டது. சமையல் அக்கா ஸ்டூல் கொண்டுவந்தார்கள். சார் ஏறி எடுத்துவிட்டார். பூ எங்கள் தலையில் விழுந்தது. ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். 47 பேர் வந்தோம்.”

இரண்டாவதை அப்படியே எழுத விடுங்கள். ‘கயிறு சிக்கியதை எழுதலாமா, பள்ளிக்கு மரியாதைக் குறைவு இல்லையா’ என்று யாராவது கேட்பார்கள். ஊரில் எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தாகிவிட்டது, எழுதினால் என்ன?

திருத்துவதிலும் ஒரு நிதானம் வேண்டும். லகர, ளகர, ழகரம்; ரகர, றகரம்; ஒற்று மிகுவது, இவற்றை வரைவிலேயே பென்சிலால் திருத்திக் கொடுங்கள். வாக்கியத்தை மாற்ற வேண்டாம். ‘நாய் ஓடியாந்துச்சு’ என்று பிள்ளை எழுதினால் ‘ஓடிவந்தது’ ஆக்கலாம். ஆனால் யாராவது சொன்னதை மேற்கோளில் எழுதும்போது பேசியபடியே இருக்கட்டும். ‘தண்ணி வரல கண்ணு’ என்று பாட்டி சொன்னதைத் ‘தண்ணீர் வரவில்லை குழந்தாய்’ என்று மாற்றினால் பாட்டிக்கே அது யார் என்று தெரியாது.

ஊர்ச் செய்தி எழுதும் இரண்டு பேரை எந்தத் தெருவிலிருந்து எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். ஒரே தெருப் பிள்ளைகளை விட்டால் அந்தத் தெருக் கோயில் திருவிழா, அந்தத் தெருக் கல்யாணம், அந்தத் தெருப் பசு கன்று போட்டது மட்டும்தான் சேதி ஆகும். ஊரும் காலனியும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம். எல்லாத் தெருப் பெயரையும் ஒரு தாளில் எழுதி, சேதி வந்த தெருவுக்குத் தேதி போட்டு வாருங்கள். மூன்று இதழாகத் தேதி விழாத தெரு இருந்தால் நாலாவது இதழுக்கு அங்கேதான் பிள்ளை போக வேண்டும்.

இனி உங்கள் கூட்டத்துக்கு வருகிறோம். இந்த மடலில் எங்களுக்கு மிக வேண்டியது இதுதான். தண்ணீரையும் கழிப்பறையையும் பார்க்கும் பிள்ளை ஒருநாள் இப்படி எழுதி வரும்: “பெண்கள் கழிப்பறைக் குழாய் ஒழுகுகிறது.” தலைமையாசிரியருக்கு முகம் சுருங்கும். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து பார்த்தால்? அந்தத் துண்டு மேசை இழுப்பறைக்குப் போய்விடும். பிள்ளைக்கு அன்றே ஒரு பாடம் கிடைத்துவிடும்: கன்று நட்டால் எழுதலாம், குழாய் ஒழுகினால் எழுதக் கூடாது.

துண்டைப் பூட்டி வைக்காமல் பிள்ளையிடம் ஒரு வாளி கொடுத்து அனுப்புங்கள். 10 லிட்டர் வாளி நிறைய எவ்வளவு நேரம்? ஒரு மணி நேரம் என்றால் நாளைக்கு 240 லிட்டர். நாலாம் வகுப்புப் பெருக்கல்தான். இப்போது செய்தி, “பெண்கள் கழிப்பறைக் குழாய் திங்கட்கிழமையிலிருந்து ஒழுகுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு வாளி. ஒரு நாளைக்கு 240 லிட்டர் வீணாகிறது. வாஷர் தேய்ந்துவிட்டது என்று பிளம்பர் மாமா சொன்னார்.” யாரையும் குற்றம் சொல்லவில்லை. என்ன பழுது, எப்போதிருந்து, எவ்வளவு நஷ்டம், என்ன வேண்டும் என்று நாலும் இருக்கிறது. உங்கள் தீர்மான நோட்டில் வரும் வாக்கியங்கள் பலவற்றைவிட இது தெளிவு என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மாதக் கூட்டத்துக்குச் சார்ட்டைக் கழற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். எட்டுத் துண்டையும் ஒரு பிள்ளை நின்று வாசிக்க நாலு நிமிடம் ஆகும். குழு எடுத்துச் செய்ய வேண்டியது எது என்று பார்த்து அந்தத் துண்டின் மூலையில் சிவப்புப் பொட்டு வையுங்கள். யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள் என்று நோட்டில் எழுதுங்கள். அடுத்த இதழில் எட்டுத் துண்டில் ஒன்று ‘போன இதழில் கேட்டது’ என்று இருக்கட்டும். முடிந்தால் முடிந்தது என்றும், முடியாவிட்டால் எங்கே நிற்கிறது என்றும் பிள்ளையே எழுதும். ஊராட்சி செய்ய வேண்டிய வேலை மூன்று இதழ் தாண்டியும் சிவப்புப் பொட்டோடு நின்றால், துண்டின் நகலை மனுவோடு சேர்த்துக் கிராம சபைக்குக் கொண்டுபோங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு தேதி இருக்கின்றன. சிவப்புப் பொட்டு வாங்கிய துண்டை எழுதியதற்காக எந்தப் பிள்ளையும் ஒரு ஏச்சுச் சொல்கூடக் கேட்கும்படி ஆகக் கூடாது. இதைக் குழுத் தீர்மானமாகவே எழுதிவிடுங்கள். ஆசிரியருக்கும் அதுவே பாதுகாப்பு. அலுவலர் யாராவது கேட்டால் ‘குழு முடிவு’ என்று காட்டலாம்.

எழுதக் கூடாதது எது என்பதிலும் உறுதி வேண்டும். யார் வீட்டுச் சண்டை, யார் அப்பா குடித்தார், யார் வீட்டில் கடன், யார் எந்தச் சாதி, யாருக்கு என்ன வியாதி, யார் எத்தனை மதிப்பெண், இவை எதுவும் சுவருக்குப் போகாது. நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயரும் போகாது. வரைவைப் படிக்கும்போது ஒரு பிள்ளையை யாரோ அடிக்கிறார்கள், தொடுகிறார்கள் என்று தோன்றும்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அது செய்தி இல்லை, இதழுக்கு நிறுத்தி வைக்கும் விஷயமும் இல்லை. வரைவை வேறு யாருக்கும் காட்டாமல் அன்றைக்கே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குக் கூப்பிட வேண்டும். பாலியல் துன்புறுத்தல் பற்றித் தெரிந்தவர் தகவல் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டம். அந்தப் பிள்ளையின் அடையாளத்தை வெளியில் சொல்வதும் குற்றம்.

செல்போன் படங்களுக்கு வருவோம். 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றும், குழந்தையின் தரவைக் கையாளப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்றும் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள், கையில் தட்டோடு காலை உணவு சாப்பிடும் பிள்ளையை, இலவசச் செருப்பு வாங்கும் பிள்ளையை முகம் தெரியப் படம் எடுத்து நானூறு பேர் இருக்கும் குழுவில் போடுவதை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒப்புவீர்களா? ஜூன் மாதச் சேர்க்கையின்போதே ஒரு பக்கப் படிவம் கொடுத்துவிடலாம். சுவரில் ஒட்டலாமா, பெற்றோர் குழுவில் போடலாமா, வெளியே அனுப்பலாமா, எதுவும் வேண்டாமா என்று நாலு கட்டம். படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வாசித்துக் காட்டிய பிறகு டிக் போடுங்கள். படம் எடுக்கும்போது முகத்தைவிடக் கையை, செய்த பொருளை, எழுதிய துண்டை எடுங்கள். முகம் இருந்தால் முழுப்பெயரும் வகுப்பும் தெருவும் சேர்ந்து போகக் கூடாது.

பெற்றோர் வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி போடுவதை ஆசிரியருக்கும் குழுத் தலைவருக்கும் மட்டும் என்று அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் காலை வணக்கமும் வேப்பிலை வைத்தியமும் வந்து ‘நாளை பள்ளி இல்லை’ என்பது அடியில் போய்விடும். பகல் பதினொரு மணிக்குப் போட்டால் பயனில்லை. போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். இரவு ஏழிலிருந்து எட்டு நல்ல நேரம். படிக்கத் தெரியாத வீட்டுக்கும் திருப்பூரில் தங்கி வேலை பார்க்கும் அப்பாவுக்கும் குரல் செய்திதான் சரி. இதழ் ஒட்டிய வெள்ளிக்கிழமை மாலை ஒரு பிள்ளை மூன்று செய்தியை ஒரு நிமிடத்துக்குள் வாசித்து அனுப்பட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இரண்டாவதாகக் கேட்ட மடிப்பிதழ், போன் இல்லாத வீட்டுக்கும் பிள்ளைகள் இல்லாத வீட்டுக்கும். ஒரு ஏ4 தாள், ஒரு பக்கம் மட்டும் ஜெராக்ஸ், எட்டுப் பக்கப் புத்தகம். தாளைப் படுக்கைவாட்டில் வைத்து எட்டுக் கட்டமாக மடித்து விரியுங்கள். கீழ் வரிசையில் இடமிருந்து வலமாக 8, 1, 2, 3. மேல் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். தாளைத் திருப்பாமல் பார்த்தால் இடமிருந்து வலமாக 7, 6, 5, 4. எழுதி நகல் எடுத்த பிறகு இரண்டு வரிசைக்கும் நடுவே போகும் கிடைமட்ட மடிப்பில், நடு இரண்டு கட்டங்களின் அகலத்துக்கு மட்டும் வெட்டுங்கள். இரண்டு ஓரக் கட்டங்களில் கத்திரி படக் கூடாது. தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து இரண்டு முனையையும் உள்ளே தள்ளினால் வெட்டு வாய் பிளந்து கூட்டல் குறி போல நிற்கும். அதை ஒரு பக்கமாகச் சாய்த்தால் புத்தகம். ஒவ்வொரு பக்கமும் ஏழரை செ.மீ.க்குப் பத்தரை. பதினைந்து சொல்லும் ஒரு சின்னப் படமும் கொள்ளும்.

தப்பு வரும் இடங்களும் இவைதான். மேல் வரிசையைத் தலைகீழாக எழுத மறந்துவிடுவது. தாளின் ஓரம் வரை எழுதுவது: ஜெராக்ஸ் எந்திரம் ஓரத்தில் அரை செ.மீ. விழுங்கும், அதனால் சுற்றிலும் ஒரு செ.மீ. விட வேண்டும். பென்சிலிலும் நீல மையிலும் எழுதுவது: நகலில் பேய் மாதிரித் தெரியும், கறுப்பு வேண்டும். முதலில் வெற்றுத் தாளை மடித்துப் பக்க எண் போட்டு, பிரித்து வைத்துக்கொண்டு அதைப் பார்த்து எழுதினால் குழப்பம் வராது.

வீட்டுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று அல்ல. அக்கா தம்பி படிக்கும் வீட்டில் அக்கா கையில் கொடுங்கள். தம்பி கையில் கொடுத்தால் கப்பலாகத்தான் வீடு சேரும். டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி, அங்கன்வாடி, ஊராட்சி அலுவலகம் எல்லாம் சேர்த்து 60 பிரதி என்றால் பத்து மாதத்துக்கு 600 தாள். ஒரு ரீமில் 500 தாள்தான், இரண்டாக வாங்கிவிடுங்கள். எட்டாம் பக்கத்தை அடுத்த மாதத் தேதிகளுக்கு ஒதுக்குங்கள்: உங்கள் கூட்டம், மருத்துவ முகாம், விடுமுறை, கிராம சபை. மற்ற எதைப் படிக்காவிட்டாலும் அந்தப் பக்கத்துக்காகத் தாளைக் காலண்டர் ஆணியில் குத்தி வைப்பார்கள். சுவரிதழின் பழைய சார்ட்டையும் சும்மா சுருட்டி வைக்காமல், அடுத்த இரண்டு வாரம் ஊராட்சி அலுவலகத்தில் மாட்டுங்கள். அதற்குச் செலவே இல்லை.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ‘இன்றைய செய்திகள்’ வாசிப்பது எல்லாப் பள்ளியிலும் உண்டு. ரிசர்வ் வங்கியின் வட்டி விகிதத்தை இரண்டாம் வகுப்புக்கு எதற்கு வாசிக்கிறோம் என்று யாரும் கேட்டதில்லை. நாளிதழிலிருந்து ஒன்று, ஊரிலிருந்து ஒன்று, பள்ளியிலிருந்து ஒன்று போதும். துண்டைக் கண்ணுக்கு முன்னால் பிடித்தால் குரல் தாளிலேயே முட்டி நிற்கும். நெஞ்சு உயரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். முதல் நாளே கொடுத்து வீட்டில் இரண்டு முறை வாசித்து வரச் செய்தால் திக்காது.

ஆண்டு விழா பற்றி ஒன்றுதான். வாடகை உடுப்புக்குப் பெற்றோரிடம் காசு வாங்கி, சாயந்தரம் நாலு மணிக்கு மேக்கப் போட்டு, சிறப்பு விருந்தினர் பேசி முடிக்கும் வரை பிள்ளைகளைப் பசியோடு உட்கார வைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதில் பதினாறு சார்ட்டையும் வரிசையாகக் கட்டிவிடலாம். இடைவெளியோடு 13 மீட்டர் கயிறு பிடிக்கும். ஆண்டறிக்கை வாசிக்கும் நேரத்தில் ஊர்க்காரர்கள் அதைப் படித்துக்கொண்டு நடப்பார்கள். இதற்காக ஒவ்வொரு சார்ட்டின் பின்னாலும் இதழ் எண்ணும் தேதியும் எழுதி, உருட்டி, காகித உறையில் போட்டு அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். தரையில் வைத்தால் கரையான் முதல் வாசகர் ஆகிவிடும்.

ஜூன் மாதக் கூட்டத்துக்கு வரும்போது இவை கையில் இருந்தால் போதும்: 18 சார்ட் (இரண்டு கெடும்), இரண்டு ரீம் ஏ4, கறுப்பு பால்பாயிண்ட் பேனா பத்து, ஒரு நீள ஸ்கேல், ஒரு கத்திரி, இருபக்க டேப் இரண்டு சுருள், ரீப்பர் கட்டை இரண்டு, கிளிப் ஆறு. ஆண்டு விழா மைக் செட்டுக்கு ஒரு மாலைக்குக் கொடுக்கும் வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் கூட்டத்திலேயே உறுப்பினர்களில் ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். குழுவில் முன்னாள் மாணவர் இருந்தால் அவரே சரி. துண்டு வெட்டிக் கோடு போட்டுக் கொடுப்பது அவர் வேலை. முதல் இதழில் இரண்டு துண்டு கோணலாகவும் ஒரு துண்டு ‘மிகவும் மகிழ்ச்சி அடைந்தோம்’ என்றும்தான் வரும். அப்படியே ஒட்டி, அடுத்த திங்கட்கிழமை அந்தப் பிள்ளையை மறுபடி சமையல் கூடத்துக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளோடு சுவரிதழ் வேலை பார்க்கும் ஆசிரியர்களும் தன்னார்வலர்களும்